பழமை மட்டும் விலையாகாது: அபூர்வ அஞ்சல்தலைகள், நாணயங்கள், நினைவுப்பொருள்கள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

அஞ்சல்தலை, நாணயம், வரலாற்று நினைவுப்பொருள் ஆகியவற்றைச் சேர்ப்பது பற்றியும் அவற்றில் பணம் போடுவது பற்றியும் வந்த கேள்விகளில் பல, ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாக எழுப்பியிருந்தன. அவற்றைச் சேர்த்துத் தொகுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: பரணில் இருந்த பழைய பெட்டியில் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கடிதங்களும் அஞ்சல்தலைகளும் செப்புக் காசுகளும் கிடைத்தன. இவ்வளவு பழையவை என்றால் நல்ல விலை போகும் அல்லவா?

பதில்: போகலாம், போகாமலும் இருக்கலாம், வயதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ரோமப் பேரரசின் நான்காம் நூற்றாண்டுச் செம்புக் காசுகள் 1,600 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. ஆனால் அவை பானை பானையாகப் புதையலில் கிடைத்துக்கொண்டே இருப்பதால், தேய்ந்த காசு ஒன்றைப் பள்ளி மாணவர்கூட வாங்கிவிடலாம்.

உலகின் முதல் அஞ்சல்தலையான பிரிட்டனின் ‘பென்னி பிளாக்’ கதையும் இதற்கு நெருக்கமானதுதான். 1840 மே மாதம் வெளிவந்த அந்தத் தலையின் பெயரைக் கேட்டதுமே அதற்குக் கோடிகளில் விலை இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அச்சடிக்கப்பட்டவையோ ஏறத்தாழ 6.8 கோடி. அக்காலத்தில் பெரும்பாலோர் உறை பயன்படுத்தாமல் கடிதத்தாளையே மடித்து அதன் மேல் தலையை ஒட்டி அனுப்பியதால், கடிதத்தைப் பாதுகாத்த குடும்பங்களும் வணிக நிறுவனங்களும் தலையையும் சேர்த்தே பாதுகாத்துவிட்டன. எனவே பென்னி பிளாக் புகழ்பெற்றதே தவிர, அரிதானதன்று. அதற்குள்ளேயே விலை வேறுபடுவது எதனால் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு தாளுக்கு 240 தலைகள் இருந்தன. துளை வரிசை கிடையாது. அஞ்சல் எழுத்தர் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுத்தார். அவசரத்தில் வெட்டியவற்றில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ படத்துக்குள்ளேயே கத்தரி ஏறியிருக்கும். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தெளிவாக விட்டு வெட்டப்பட்ட தலைக்கு, ஓரம் இழந்த தலையைப் போலப் பல மடங்கு விலை கிடைக்கிறது. இரண்டுக்கும் வயது ஒன்றேதான்.

எத்தனை எஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் அவற்றைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே விலையாகின்றன. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உலகில் பத்தே பிரதிகள் உள்ள ஒரு பொருளை ஐந்து பேர்தான் விரும்புகிறார்கள் என்றால், அந்தப் பத்தும் மலிவாகவே கிடக்கும்.

உங்கள் பெட்டியைப் பொறுத்தவரை இப்போது செய்யக்கூடாதது ஒன்று உண்டு. கடிதங்களிலிருந்து தலைகளைப் பிய்த்தெடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, எந்தத் தேதியில் அந்தக் கடிதம் பயணம் செய்தது என்பதை உறையின் மேலுள்ள முத்திரைகள் சொல்கின்றன; தனியே பிரித்தால் சில்லறைக்குப் போகும் தலை, முழு உறையோடு இருக்கும்போது பல மடங்கு பெறுவது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி.

கேள்வி: பங்குச் சந்தையை நம்ப மனம் வரவில்லை. சேமிப்பில் ஒரு பகுதியை அபூர்வ நாணயங்களிலும் அஞ்சல்தலைகளிலும் போட்டால் பாதுகாப்பான முதலீடாக இருக்குமா?

பதில்: 2021 ஜூன் 8 அன்று நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஓர் ஏலத்தைச் சொன்னால் பாதிப் பதில் கிடைத்துவிடும். காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் தமது சேகரிப்பின் உச்சங்களை அன்று விற்றார். அவற்றுள் ஒன்று, 1933ஆம் ஆண்டின் அமெரிக்க ‘டபுள் ஈகிள்’ 20 டாலர் தங்க நாணயம். மற்றொன்று, 1856இல் பிரிட்டிஷ் கயானாவில் அச்சிடப்பட்டு உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கும் ஒரு சென்ட் மஜெந்தா அஞ்சல்தலை. 2002இல் 75.9 லட்சம் டாலருக்கு வாங்கிய நாணயம் 1.89 கோடி டாலருக்குப் போனது. 2014இல் 94.8 லட்சம் டாலருக்கு வாங்கிய தலையோ 83 லட்சம் டாலருக்குத்தான் போனது. விற்றவர் ஒருவர், அரங்கு ஒன்று, நாளும் ஒன்று. ஒன்றில் இலாபம், மற்றதில் ஏறத்தாழ 12 விழுக்காடு நட்டம். உலகிலேயே ஒன்றுதான் இருக்கிறது என்பதுகூட விலை இறங்காது என்பதற்கு உறுதி ஆகவில்லை.

இலாபத்தையும் சற்று நெருங்கிப் பாருங்கள். 19 ஆண்டுகளில் விலை இரண்டரை மடங்கானது என்பது செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரத் தக்கதுதான். கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஏலத்தொகையும் முழுமையாக விற்றவர் கைக்கு வருவதில்லை. ஏலத்தில் கேட்ட தொகைக்கு மேல் வாங்குபவரிடம் 20 முதல் 25 விழுக்காடு வரை ஏல நிறுவனம் வசூலிப்பது வழக்கம். வெளியிடப்படும் விலையில் அதுவும் அடங்கியிருக்கும். விற்பவரிடம் தனியாக ஒரு கமிஷன் பிடிப்பதும் உண்டு. பூட்டறை வாடகை, காப்பீடு, சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் உங்கள் செலவு. பங்கு ஈவுத்தொகை தரும், வீடு வாடகை தரும். அஞ்சல்தலை விற்கும் நாள்வரை எதுவும் தராது. வாங்கிய மறுநாளே விற்க நேர்ந்தால், வணிகரின் இலாபத்தையும் ஏலக் கமிஷனையும் கழித்தபின் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுவது சாதாரணம். அதை ஈடுகட்டவே பல ஆண்டுகள் விலை ஏறவேண்டும்.

அதே மஜெந்தா தலையை 1980இல் 9.35 லட்சம் டாலருக்கு வாங்கியவருக்குப் பின், அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள்தான் 2014இல் அதை 94.8 லட்சத்துக்கு விற்றார்கள். 34 ஆண்டுகளில் பத்து மடங்கு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு விழுக்காடு. ஒரே தலை ஒருவருக்குக் கொடுத்தது, அடுத்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1873இல் இதைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான் என்பதைச் சேர்த்து எண்ணினால், எப்போது வாங்கி எப்போது விற்கிறோம் என்பதற்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பது புரியும்.

அரிதாக இருப்பதே மாறிவிடக்கூடும் என்பது இன்னொரு அபாயம். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 1903இல் அடிக்கப்பட்ட வெள்ளி டாலர் மிக அரிதென்று கருதப்பட்டு, 1960களின் தொடக்கத்தில் விலைப்பட்டியலில் 1,500 டாலர் வரை குறிக்கப்பட்டிருந்தது. 1962 இறுதியில் அமெரிக்கக் கருவூலம் தன் பெட்டகத்தில் கிடந்த பழைய டாலர் மூட்டைகளை வெளியே விட்டபோது, அதே நாணயம் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது. விலை சில பத்து டாலர்களுக்குச் சரிந்தது. அதுவரை பெருமையோடு அதை வைத்திருந்தவர்களின் நாணயத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை, விலைதான் போயிற்று.

ஆகவே என் கருத்து இதுதான்: வீட்டுச் செலவுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ தேவைப்படும் பணத்தை இதில் போடவேண்டாம். பத்து ஆண்டுகள் தொடாமல் விட்டுவைக்கக்கூடிய தொகை இருந்து, இந்தப் பொருள்களைப் படித்தறியும் ஆர்வமும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஆர்வமில்லாமல் இலாபத்துக்காக மட்டும் வருபவரிடம்தான் சரக்கில் மட்டமானவை வந்து சேருகின்றன.

கேள்வி: ஒரு நிறுவனம் தானே அபூர்வ அஞ்சல்தலைகளைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகவும், வங்கி வட்டியைவிடக் கூடுதலான தொகையைச் சேர்த்துக் குறித்த காலத்தில் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பெயினில் ‘அஃபின்சா’, ‘ஃபோரம் ஃபிலாடெலிகோ’ என்ற இரண்டு நிறுவனங்கள் ஏறக்குறைய இதையேதான் சொல்லி லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பைத் திரட்டின. 2006 மே மாதம் காவல்துறை புகுந்து சோதனையிட்டபோது, வாடிக்கையாளர்களுக்குக் கணக்குக் காட்டிய விலைக்கும் அந்தத் தலைகளின் சந்தை விலைக்கும் தொடர்பே இல்லை என்பது வெளிப்பட்டது. புதிதாகச் சேருபவர்களின் பணம் பழையவர்களுக்கு வட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. பொறுப்பாளர்களுக்குப் பின்னர் சிறைத்தண்டனை கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கோ பெரும்பகுதி திரும்பவில்லை.

இப்படிப்பட்ட மோசடிக்கு இன்று பெயராகவே ஆகிவிட்ட சார்லஸ் போன்சியும் 1920இல் பாஸ்டன் நகரில் அஞ்சல் சார்ந்த ஒன்றைக் காட்டித்தான் பணம் திரட்டினார். வெளிநாட்டில் இருப்பவர் பதில் எழுத அஞ்சல் செலவுக்காக அனுப்பப்படும் பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றி, 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் தருவதாக அவர் வாக்களித்தார். அவர் வாங்கிய பணத்துக்கு 16 கோடி கூப்பன்கள் வேண்டும், புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000 என்று ஒரு நிதி இதழாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். சந்தையில் விலை ஏறியும் இறங்கியும் வரும் ஒரு பொருளுக்கு நிலையான வருமானத்தை ஒருவர் உறுதியளிக்கிறார் என்றால், அந்த வருமானம் பொருளிலிருந்து வரப்போவதில்லை. அந்த நிறுவனம் தரும் தலைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதனோடு தொடர்பில்லாத இரண்டு வணிகர்களிடம் சென்று, என்ன விலைக்கு நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கேட்டலாக்கில் நூறு என்று போட்டிருக்கும் தலைக்கு வணிகர் முப்பதுதான் தருவேன் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கேட்டலாக் விலை என்பது, நல்ல நிலையில் உள்ள ஒரு பிரதியைச் சில்லறையாக விற்கும் கடைக்காரர் கேட்கக்கூடிய தொகை. 1856இல் தொடங்கப்பட்ட லண்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் வெளியிடும் புகழ்பெற்ற கேட்டலாக், அதன் சொந்த விற்பனை விலைப்பட்டியலாகப் பிறந்து வளர்ந்தது என்பதை நினைவில் வைத்தால் போதும். வணிகர் தம் கடை வாடகையையும், அந்தத் தலை விற்காமல் கிடக்கப்போகும் மாதங்களையும் கணக்கில் எடுத்துத்தான் விலை சொல்வார். மிகச் சாதாரணமான தலைகளுக்குக் குறிக்கப்படும் குறைந்தபட்ச விலையோ, எடுத்து உறையிலிட்டுத் தரும் வேலைக்கான கூலி என்றே கொள்ளலாம். உண்மையான சந்தை விலை தெரிய வேண்டுமென்றால், அதே பொருள் அதே நிலையில் அண்மைக்காலத்தில் ஏலத்தில் எவ்வளவுக்கு முடிந்தது என்று பாருங்கள். ‘கேட்கப்படும் விலை’ அதற்குப் பயன்படாது. விற்று முடிந்த விலைதான் சான்று.

கேள்வி: சேர்த்து வைத்த வெள்ளி நாணயங்கள் கறுத்துவிட்டன. புளி, பற்பசை, எலுமிச்சை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போட்டுத் துலக்கலாம்?

பதில்: எதையும் போடாதீர்கள். இந்த ஒரு பழக்கம் கெடுத்த நாணயங்களின் எண்ணிக்கை, தீயும் திருட்டும் கெடுத்தவற்றைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது என் ஊகம். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மேற்பரப்பில் சில்வர் சல்ஃபைடு படிவதால்தான். மெதுவாக, சீராகப் படிந்த அந்தப் படலம் நீலமும் பொன்னிறமும் ஊதாவுமாக மின்னும்போது, அதற்காகவே கூடுதல் விலை தருவோரும் உள்ளனர்.

துலக்கிய நாணயத்தை ஒரு விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கை படாத நாணயத்தில் ஒளி ஒரு சக்கரத்தின் ஆரங்களைப் போல மையத்திலிருந்து சுழன்று வரும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிநோக்கி வழிந்தோடிய நுண்வரிகளே அதற்குக் காரணம். துலக்கிய நாணயத்தில் அந்தச் சுழற்சி இருக்காது. அதற்குப் பதிலாக ஒரே திசையில் மயிரிழை போன்ற கோடுகள் நூற்றுக்கணக்கில் தெரியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கும். நாணயத்தின் நிலையைச் சோதித்துத் தரம் குறிக்கும் கிரேடிங் நிறுவனங்கள் இதைக் கண்டதும் ‘துலக்கப்பட்டது’ என்று எழுதிவிடும். அதோடு விலை பாதிக்கும் கீழே போய்விடும்.

செம்பு நாணயங்களில் பச்சையாகப் பிசுபிசுப்பு தெரிந்தால், அது பெரும்பாலும் நீங்கள் போட்டு வைத்த மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் அமிலத்தன்மையுள்ள ஆவியை வெளிவிட்டு உலோகத்தை அரிக்கிறது. இதற்கு மட்டும் தூய அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பின்னர் பாலியெஸ்டர் உறைக்கு மாற்றிவிடுங்கள். நாணயத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் செம்பில் பதிந்தால் போகாது.

கேள்வி: அஞ்சல்தலை வெளியான நாளிலேயே முத்திரையிடப்பட்ட ‘முதல் நாள் உறைகள்’ கிழியாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிட்டேன். சரிதானே?

பதில்: வருந்துகிறேன், சரியில்லை. சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்க முடியாது. வாங்குவோர் தாளையும் பசையையும் சோதிக்க வழியில்லாததால் அவை சேகரிப்பு மதிப்பை இழந்துவிட்டன. இனி வருபவற்றை அமிலமற்ற தாளில், வெளிச்சமும் ஈரப்பதமும் படாத அலமாரியில், ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ரப்பர் பேண்டும் ஒட்டும் டேப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது.

கேள்வி: போலியைச் சாதாரண மனிதர் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: மட்டமான போலியைக் கண்டுபிடித்துவிடலாம், தேர்ந்த போலியை முடியாது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அறிந்திருப்பதே நல்ல பாதுகாப்பு.

நாணயத்துக்கு முதலில் எடை. அதிகாரபூர்வ எடை எல்லா விலைப்பட்டியலிலும் இருக்கும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறிய தராசு போதும். அடுத்து அடர்த்தி. நாணயத்தை முதலில் அப்படியே நிறுத்துங்கள். பின்னர் தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, தராசின் அளவைச் சுழியாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 21 கிராம் எடையுள்ள தூய வெள்ளி, தண்ணீரில் 2 கிராம் காட்ட வேண்டும். ஏனெனில் வெள்ளியின் அடர்த்தி 10.5. விடை எட்டரை, ஒன்பது என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது செம்புக் கலவை. தங்கத்துக்கு இந்தச் சோதனை முழு நம்பிக்கை தராது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.25 என்பதால், டங்ஸ்டன் மீது தங்கம் பூசியவர் இந்தத் தராசை ஏமாற்றிவிடுவார்.

அடுத்து உருப்பெருக்கியால் விளிம்பைப் பாருங்கள். வார்ப்பில் ஊற்றிய போலியில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடும், மேற்பரப்பில் காற்றுக்குமிழிகள் விட்டுச்சென்ற ஊசிமுனைக் குழிகளும் தெரியும். ஆனால் நாணயம் அடிக்கும் அச்சான ‘டை’யையே செய்து அச்சடித்தவர்கள் இப்படிப்பட்ட தடயத்தை விடுவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) பண்டைய கிரேக்க, ரோம நாணயங்களுக்குத் தாமே டை வெட்டினார்; புதுக்கருக்குப் போவதற்காக, எண்ணெய் தடவிய இரும்புத்தூள் நிரம்பிய பெட்டியில் அவற்றைப் போட்டு, வண்டியின் அடியில் பொருத்தி ஊர்ப்பயணம் போய்வருவார். அருங்காட்சியகங்களே அவரிடம் ஏமாந்தன.

அஞ்சல்தலையில் அவருக்கு இணையானவர் ஜான் டி ஸ்பெராட்டி. மலிவான ஓர் அசல் தலையை எடுத்து, அதன் அச்சு மையை மட்டும் வேதிப்பொருளால் அகற்றி, அதே காலத்துத் தாளும் அதே நீர்க்குறியும் அதே துளைகளும் சில வேளை அசல் முத்திரையும் இருக்கும்படி விட்டு, மேலே விலையுயர்ந்த தலையின் படத்தை அச்சிடுவார். 1942இல் பிரான்சின் சுங்கத்துறை அவர் அனுப்பிய தலைகளைப் பிடித்தபோது, அவை அசல் என்று நிபுணர்கள் மதிப்பிட, அனுமதியின்றி விலையுயர்ந்த சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பியதாக அவர்மீது வழக்கு வந்தது. எல்லாம் நான் செய்தவை என்று அவரே வாதாட நேர்ந்தது. 1954இல் பிரிட்டிஷ் அஞ்சல்தலைச் சங்கம் அவருடைய கருவிகளையும் இருப்பையும் விலைக்கு வாங்கி அந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவந்தது.

நிபுணர்கள் எதிர்ப்பக்கமும் தவறுவார்கள். 1913ஆம் ஆண்டின் லிபர்ட்டி நிக்கல் நாணயங்கள் ஐந்தே உள்ளன. அவற்றுள் ஒன்றை வைத்திருந்தவர் 1962இல் கார் விபத்தில் இறந்தபின், அதைச் சோதித்தவர்கள் போலி என்று திருப்பிக் கொடுத்துவிட்டனர். குடும்பத்தார் அதை ஓர் அலமாரியில் போட்டு வைத்திருந்தனர். 2003இல் மற்ற நான்கோடும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோதுதான் அசல் என்பது தெளிவானது, 2013இல் 31.7 லட்சம் டாலருக்கு விற்றது. போலி என்று ஒருவர் சொன்னதாலேயே ஒரு பொருளை எறிந்துவிடவும் கூடாது.

கேள்வி: கிரேடிங் செய்து பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த நாணயங்களை வாங்கினால் கவலையில்லை என்கிறார்களே?

பதில்: கவலை குறையும், தீராது. 1 முதல் 70 வரையிலான இன்றைய அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் உருவாக்கினார். தொடக்ககால அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களில், குறைகளே இல்லாத ஒன்று, அடையாளம் மட்டும் தெரியும் ஒன்றைப்போல 70 மடங்கு பெறும் என்ற அன்றைய விலைக்கணக்கிலிருந்து அந்த எண் வந்தது. கணக்கு எப்போதோ பொய்த்துவிட்டது. எண் மட்டும் நின்றுவிட்டது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து எண் தந்து கூட்டில் அடைத்துத் தருகின்றன. அசலா என்பதில் அவற்றின் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆனால் 65க்கும் 66க்கும் இடையில் விலை இரட்டிப்பாகும்போது, அந்த ஒரு புள்ளி ஒருவருடைய பார்வைதான் என்பதை மறக்காதீர்கள். கூட்டையே போலியாகச் செய்பவர்களும் உண்டு; எனவே கூட்டிலுள்ள எண்ணை நிறுவனத்தின் பதிவில் போட்டு, அங்குள்ள படமும் கையிலுள்ள நாணயமும் ஒன்றா என்று பாருங்கள். அஞ்சல்தலைக்கு இந்த இடத்தில் இருப்பது நிபுணர் குழுக்களின் படத்துடன் கூடிய சான்றிதழ். லண்டனின் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியும் நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷனும் தருபவை உலகெங்கும் ஏற்கப்படுகின்றன.

கேள்வி: தலைவர்களின் கையெழுத்தும் கடிதங்களும் சேர்க்க ஆசை. ‘அசல் சான்றிதழ்’ கூடவே தருகிறார்கள்.

பதில்: விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ், அந்தத் தாளின் விலைக்குத்தான் பெறும். இந்தப் பிரிவில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தலைவர்களின் செயலாளர்கள் அவர்களைப் போலவே கையெழுத்திடுவது எங்கும் இருந்த வழக்கம். அமெரிக்க அதிபர்கள் பலர் ‘ஆட்டோபென்’ என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தினர். மனிதர் ஒருவர் இருமுறை ஒரே மாதிரி அச்சாகக் கையெழுத்திடுவதில்லை. ஆகவே இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது இம்மியும் பிசகாமல் பொருந்தினால், எழுதியது இயந்திரம்.

1983இல் ‘ஸ்டெர்ன்’ இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று நம்பி 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கிய ஏடுகள் கொன்ராட் குயாவ் எழுதியவை. கையெழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அசல் என்றுதான் சொன்னார்கள்; ஏனென்றால் ஒப்பிடக் கொடுக்கப்பட்ட மாதிரிகளில் சிலவும் குயாவ் கைவண்ணமே. போருக்குப் பின்னரே தாளில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டி அந்த ஏடுகளில் இருந்ததுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவில் பல வரலாற்று ஆவணங்களைப் போலியாகச் செய்த மார்க் ஹாஃப்மன், மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற நிலையில் 1985இல் குண்டு வைத்து இருவரைக் கொன்றார்; செயற்கையாகப் பழமையேற்றிய அவருடைய மை நுண்ணோக்கியின் கீழ் முதலைத்தோல் போல வெடித்திருந்தது. கையெழுத்தின் வடிவத்தைவிடத் தாளும் மையும் நம்பத் தக்க சாட்சிகள். அவற்றையும்விட, அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, அவரிடமிருந்து யார் வழியாக விற்பவர் கைக்கு வந்தது என்ற தொடர்ச்சி முக்கியம்.

கேள்வி: பணம் கொடுத்து நேர்மையாக வாங்கிய பொருளை யாராவது பறித்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். மேலே சொன்ன 1933 டபுள் ஈகிள் 4,45,500 எண்ணிக்கையில் அடிக்கப்பட்டும், தங்க நாணயப் புழக்கம் நிறுத்தப்பட்டதால் வெளியிடப்படாமலேயே உருக்கப்பட்டது. வெளியே போன சில, திருட்டுப் பொருளாகவே கருதப்படுகின்றன. வைட்ஸ்மன் வாங்கிய ஒன்றுக்கு மட்டும் அரசு விலக்கு அளித்தது; 2002இல் ஏலத்தொகையோடு, அதன் முகமதிப்பான 20 டாலரும் தனியாகக் கருவூலத்துக்குக் கட்டப்பட்டது. வேறொரு குடும்பம் தன்னிடமிருந்த பத்து நாணயங்களை அசலா என்று பார்க்க நாணயச்சாலைக்கே அனுப்பியது. அசல்தான் என்ற பதில் வந்தது, நாணயங்கள் வரவில்லை. 2011இல் நடுவர் குழுவும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவை அரசுக்கே உரியவை என்று தீர்த்தன.

பண்டைய நாணயங்களில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். சீசரின் கொலையைக் குறித்து புரூட்டஸ் வெளியிட்ட தங்க நாணயம் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 32.4 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதன் உரிமை வரலாறாகக் காட்டப்பட்டது பொய் என்று பின்னர் தெரிந்து, நாணயம் 2023இல் கிரீஸ் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதக் கைமாற்றத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானதால், அதற்கு முன்பே ஒரு சேகரிப்பில் இருந்ததாகக் காட்டும் பழைய ஏலப் பட்டியலோ ரசீதோ உள்ள நாணயத்துக்குச் சந்தையில் தனி மரியாதை உண்டு. வாங்கும் முன் உங்கள் நாட்டின் தொல்பொருள் சட்டத்தையும் ஏற்றுமதி, இறக்குமதி விதிகளையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அரசு நாணயச்சாலைகள் அழகான பெட்டியில் வெளியிடும் புதிய நினைவு நாணயங்களை வாங்கிவைத்தால் எதிர்காலத்தில் விலை ஏறுமா?

பதில்: பெரும்பாலானவை ஏறுவதில்லை. எல்லோரும் வாங்கி எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எப்படி அரிதாகும்? உலோக மதிப்புக்கு மேல் நீங்கள் கொடுப்பது பெட்டிக்கும் அழகுக்கும். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: வயதாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்தவற்றில் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. என்ன செய்வது?

பதில்: ஃபிலிப் ஃபெராரி என்பவர் உலகம் கண்டதிலேயே மிகப்பெரியது எனப்பட்ட அஞ்சல்தலைச் சேகரிப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். 1917இல் அவர் இறந்தபின், பாரிஸில் இருந்த அந்தச் சேகரிப்பைப் போர் இழப்பீட்டுக் கணக்கில் பிரான்ஸ் எடுத்துக்கொண்டு, 1921 முதல் பல ஏலங்களில் விற்றுத் தீர்த்தது. விருப்பத்தை எழுதிவைப்பது அவசியமே. ஆனால் கையில் வலுவுள்ளபோதே நடத்தி முடிப்பது அதைவிட நல்லது.

எது விலையுள்ளது, எது இல்லை என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். பிள்ளைகள் விற்கப் போகும்போது முதலில் வரும் வணிகர், மேலே இருக்கும் இரண்டு ஆல்பங்களைப் புரட்டிவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொல்வார்; அவர்களும் கொடுத்துவிடுவார்கள். எனவே உயர்ந்த பத்து, இருபது பொருள்களை நீங்களே பிரித்தெடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஒவ்வொன்றாக ஏலத்துக்கு அனுப்புங்கள். நடுத்தரமானவற்றை நாடு வாரியாகவோ காலம் வாரியாகவோ தொகுதிகளாக்கினால், அந்தத் துறையில் சேர்ப்பவர்கள் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். மீந்தவற்றை ஏதேனும் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம். விற்காமல் வைத்துக்கொள்ள நினைப்பவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: பொருளின் பெயர், படம், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள், ரசீது எந்த உறையில் இருக்கிறது, விற்பதானால் எந்த வகை ஏலத்துக்கு அனுப்பவேண்டும் என்பவற்றை எழுதி, அதன் ஒரு பிரதியைச் சேகரிப்பு இருக்கும் அதே அலமாரியில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.